ஜிம்மியும் கேள்விக்குறியும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் மூவர். மூத்தவள் பத்தாம் வகுப்பு; அடுத்தவள் எட்டாம் வகுப்பு; கடைக்குட்டித் தம்பி ஆறாம் வகுப்பு. நான்காவதாக ஒருவன் உண்டு. அவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இல்லை. கால்நடை மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. அவன்தான் ஜிம்மி. காது இரண்டும் சிப்பிப்பாறை. வால் மட்டும் எந்த ஊரோ தெரியாது.

இந்தக் கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறோம். எழுதுவது ஒரு கைதான். ஆனால் பிழை செய்தவை ஆறு கைகள் அல்லவா?

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கோவில்பட்டியிலிருந்து அப்பாவின் நண்பர் ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியுடன் வந்தார். பெட்டிக்குள் இரண்டு மாதக் குட்டி ஒன்று. அதைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாதென்று நாங்கள் மூவரும் அப்பாவின் முன் வரிசையாக நின்றோம். அப்பா சற்று நேரம் எங்களைப் பார்த்துவிட்டு, "வளர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சோறு, குளிப்பு, ஊசி மூன்றும் உங்கள் பொறுப்பு. மறந்துவிட்டோம் என்று என்னிடம் வந்து நிற்கக் கூடாது" என்றார். நாங்கள் தலையை ஆட்டிய வேகத்தில் ஜிம்மியின் வாலே தோற்றுப் போயிருக்கும்.

அந்த வாரமே முதல் தடுப்பூசி போடப்பட்டது. மருத்துவமனையில் ஓர் அட்டை கொடுத்தார்கள். இரண்டாம் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து வரும்படி பென்சிலால் ஒரு தேதி குறித்திருந்தார்கள். அந்தத் தேதி முதல் இடைத்தேர்வுக்கு நடுவே வந்து விழுந்தது. தேர்வு முடிந்ததும் போகலாம் என்றாள் மூத்தவள். தேர்வு முடிந்தது, தேதியும் மறந்தது. பென்சில் எழுத்து அல்லவா? மனத்திலிருந்தும் எளிதில் அழிந்துவிட்டது.

செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாள். லூயி பாஸ்டர் மறைந்த நாளை ஒட்டி அது அமைந்ததாம். அன்று இலவச முகாமில் ஜிம்மிக்கு வெறிநோய் ஊசி போட்டோம். மறு ஆண்டும் தவறாமல் போட்டோம். அட்டையில் இரண்டு முத்திரைகள் பளிச்சென்று விழுந்தன. 'ஊசி போட்டாயிற்று' என்று நிம்மதியாக இருந்தோம். எந்த நோய்க்கு எந்த ஊசி என்று கேட்கவேண்டும் என எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஒரு மதிப்பெண், அறிவியலுக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே தருவார்கள். ஊசியும் அப்படித்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கிற்று.

நிற்க. 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தூத்துக்குடியில் இருப்போருக்கு அந்த நாளை நினைவூட்ட வேண்டியதில்லை. மற்ற ஊர்த் தோழியருக்காகச் சொல்லுகிறோம். அன்று காலை தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரைகொள்ளாமல் ஓடிற்று, குளங்கள் உடைந்தன. எங்கள் தெருவில் முதலில் முழங்கால் அளவு; பிறகு இடுப்பளவு. நாங்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றினோம். ஆச்சியை அப்பா தூக்கிச் சென்றார். ஜிம்மியைத் தம்பி தூக்கிச் சென்றான். பாதி வழியில் ஜிம்மி தம்பியை இழுத்துச் சென்றது என்பதே உண்மை. மின்சாரம் இல்லை, பால் இல்லை. அரையாண்டுத் தேர்வு தள்ளிப் போயிற்று என்பதில் ஒருவாறு மகிழ்ந்த பாவமும் எங்களுக்கு உண்டு.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியதும் தம்பியும் ஜிம்மியும் தெருவில் இறங்கிவிட்டார்கள். ஒருவன் காகிதக் கப்பல் விட்டான். மற்றவன் அதைத் துரத்திப் பிடித்து, போகிற போக்கில் அந்தத் தண்ணீரையே நக்கிக் குடித்தான். உடைந்த ஓட்டுத்துண்டு ஒன்று தம்பியின் கால் பெருவிரலைக் கிழித்தது. அம்மா கோபித்துக்கொள்வார்களே என்று அவன் அதைச் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்த பின் விருந்தாளிகள் வந்தார்கள். வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலி எங்கே போகும்? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எங்கள் தெரு எலிகள் அந்தப் பழமொழியைக் கேட்டதில்லை போலும். நேரே எங்கள் மாடிப்படியின் அடியில் குடியேறின. ஜிம்மியின் சோற்றுத் தட்டும் தண்ணீர்ச் சட்டியும் அங்கேதான் இருந்தன.

இரவில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதற்கு எங்களுக்குள் முறை உண்டு. ஒரு வாரம் ஒருவர். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த முறை யாருடையது என்பதில் இன்றளவும் வழக்கு இருக்கிறது. சேறு அள்ளுவதும் சுவர் கழுவுவதுமாக இருந்த நாட்களில் மிச்சச் சோறு இரவெல்லாம் தட்டிலேயே கிடந்தது. காலையில் பார்த்தால் தட்டைச் சுற்றி எலிப் புழுக்கைகள். நாங்கள் அவற்றைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதே தட்டில் புதுச் சோறு போட்டோம். சட்டியில் இருந்த தண்ணீரையோ மாற்றவே இல்லை. மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பினோம். நல்ல வேலை செய்தோம்!

ஜனவரி 3, புதன்கிழமை. பள்ளியிலிருந்து வந்து வாயிற்கதவைத் திறந்தோம். ஜிம்மி ஓடி வரவில்லை. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது அதற்கு முழுதும் பொருந்தும். அப்படிப்பட்டது சுவரோரம் சுருண்டு கிடந்தது. சோறு அப்படியே இருந்தது. "கிறிஸ்துமஸ் பலகாரம் செரிக்கவில்லை" என்று நாங்கள் தீர்ப்புச் சொன்னோம். ஆச்சி ஓமத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார்கள். குடித்தது, உடனே வாந்தி எடுத்தது. மறுபடி சட்டித் தண்ணீரை மடமடவென்று குடித்தது, மறுபடி வாந்தி.

"ஏட்டி, நாய் தண்ணியாக் குடிக்குது, பார்த்தியளா? முதுகையும் வளைச்சுக்கிட்டுல்லா நிக்குது" என்றார்கள் ஆச்சி. மூட்டு வலிக்காரர்களுக்கு இன்னொருவர் வலி எளிதில் தெரியும் போலும். நாங்கள் படிக்க வேண்டியிருந்தது. அம்மா, உடம்பு சுடுகிறதே என்று காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று பார்த்தார்கள். நல்ல வேளையாக ஜிம்மி வாயைத் திறக்கவில்லை. நமக்கு நன்மை செய்யும் பாரசிட்டமால் மாத்திரை நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுத்துவிடும் என்று பிறகு அறிந்தோம்.

மறுநாள் அது படியேற மறுத்தது. பின்னங்கால்களைத் தொட்டால் முனகிற்று. கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டது. ஜிம்மி வீட்டுக்குள் அவ்வாறு செய்ததே இல்லை. அது தேயிலைச் சாறுபோல் கறுத்திருந்தது. அப்பா வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று தம்பி ஒரு பழந்துணியை எடுத்து வெறுங்கையால் துடைத்தான். செருப்பும் போட்டிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, எங்களில் நடுவுள்ளவள் ஜிம்மிக்கு மோர் ஊட்டுவதற்காக உதட்டைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ஈறு மஞ்சளாக இருந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். நாய்க்கும் மஞ்சட்காமாலை வருமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பாவின் முன் போய் நின்றோம். 'என்னிடம் வந்து நிற்கக் கூடாது' என்று அவர் அன்று சொன்னதை எங்களில் யாரும் மறக்கவில்லை, அவரும் மறந்திருக்கமாட்டார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டாரின் 'குட்டியானை' வண்டியைக் கேட்டு வாங்கி வந்தார்.

கால்நடை மருத்துவர் ஓர் அம்மையார். ஜிம்மியை மேசைமேல் கிடத்தியதும் கையுறை மாட்டிக்கொண்டார். வெப்பம் பார்த்தார். நல்ல நிலையிலுள்ள நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கலாமாம். நம்மைவிடச் சூடான உடம்பு. ஜிம்மிக்கு 103.8 இருந்தது. திராட்சை போட்ட கேக் தின்றதா என்று கேட்டார்; உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்றார். இல்லை என்றோம். வீட்டில் எலி உண்டா, வெள்ளத் தண்ணீரில் இறங்கிற்றா என்று கேட்டார். ஆம் என்றோம். பிறகு சட்டென்று, "இதன் சிறுநீரை யார் துடைத்தது?" என்றார்.

தம்பி வகுப்பில் கை தூக்குவதுபோல் கையைத் தூக்கினான்.

"கையில், காலில் எங்காவது புண் இருக்கிறதா, தம்பி?"

அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அப்போதுதான் அந்தப் பெருவிரலை அம்மாவும் பார்த்தார்கள், நாங்களும் பார்த்தோம். ஜிம்மி பிழைக்குமா என்று அழத் தயாராக வந்த நாங்கள், வேறோர் அச்சத்தில் அழுகையையே மறந்துவிட்டோம்.

இரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறதா என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு மிகவும் ஏறியிருந்தது, கல்லீரலும் பழுதுபட்டிருந்தது. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: லெப்டோஸ்பைரோசிஸ். நம் வழக்கில் எலிக்காய்ச்சல். எலி கடித்து வருவதன்று. எலியின் சிறுநீரில் வருவது. இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்தும் எலிக்கு ஒரு நோவும் தருவதில்லை. எலி சிறுநீர் விடும் இடமெல்லாம் கிருமி இறங்குகிறது. ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில், உயிரோடு இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் செத்துப்போகிறது. ஆகவேதான் வெள்ளம் வடிந்த காலம் அதற்குத் திருவிழாக் காலம். தோலில் உள்ள கீறல், கண், மூக்கு, வாய் இவற்றின் வழியே உடம்பில் நுழைந்து, இரத்தத்தில் பரவி, ஈரலையும் சிறுநீரகத்தையும் சென்று பற்றுகிறது. நாய்க்கு நோய்க் குறி தோன்ற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். சில நாட்கள் முன்பின் இருக்கலாம். நோயுற்ற நாயின் சிறுநீரிலும் கிருமி இருக்கும். மாடு, பன்றி முதலியவையும் அவ்வாறே பரப்பக்கூடும்.

மருத்துவர் சொல்லிக்கொண்டே வர, நாங்கள் கடந்த மூன்று நாட்களை மனத்தில் எண்ணிக்கொண்டே வந்தோம். சோறு வேண்டாமை புதன்கிழமை. வாந்தி புதன்கிழமை. ஓயாத தாகம் புதன்கிழமை; அதை ஆச்சி சொன்னார்கள், நாங்கள் கேட்கவில்லை. தசை வலியால் நடக்க மறுத்தது வியாழன். ஈறு மஞ்சளாகும் வரை காத்திருந்துவிட்டோம். சிறுநீர் முதலில் மிகுதியாகப் போய்ப் பிறகு குறைந்துகொண்டே வந்தால் அது பெரிய ஆபத்து என்றும், சில நாய்களுக்கு மூச்சுத் திணறலும் இரத்தக் கசிவும் உண்டாகும் என்றும் கூறினார். "முதல் நாளே வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அட்டையைக் கேட்டார். கொடுத்தோம். அவர் விரல் அந்தப் பென்சில் தேதியில் போய் நின்றது. நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியின் பெயரில் 'எல்' என்றோர் எழுத்து இருந்தால் அது எலிக்காய்ச்சலுக்கு உரியது. குட்டிப் பருவத்தில் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட்டால்தான் காப்புக் கிடைக்கும். ஒரு முறை போட்டு நிறுத்துவது, வீட்டுக்குச் சுவர் வைத்துக் கூரை போடாமல் விடுவது போலத்தான். இதன் காப்பு ஏறத்தாழ ஓராண்டுதான் நிற்கும். ஆகவே ஆண்டுதோறும் மறுபடி போட வேண்டும். வெறிநோய் ஊசி வேறு. அது இதற்கு உதவாது. இன்னொன்றும் சொன்னார். இந்தக் கிருமியில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஊசியில் அடங்குபவை இரண்டு முதல் நான்கு வகைகளே. அதனால் ஊசி போட்ட நாயையும் எலியிடமிருந்தும் குட்டைத் தண்ணீரிலிருந்தும் விலக்கியே வைக்க வேண்டும்.

அன்றே பெனிசிலின் ஊசி தொடங்கிற்று. கூடவே நரம்பு வழியே உப்புநீர். கிருமியைக் கொல்வது மருந்து. கெட்டுப்போன சிறுநீரகம் தன் வேலையை மறுபடி கற்றுக்கொள்ளும் வரை உடம்பைத் தாங்கிப் பிடிப்பது அந்த உப்புநீர்தான் என்றார். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வரும் வரை காத்திருக்கவில்லை. அந்த ஆய்வு வேடிக்கையானது. நாயின் இரத்தத் தெளிநீரோடு உயிருள்ள லெப்டோஸ்பைராக் கிருமிகளைக் கலக்கிறார்கள். நாயின் உடம்பு அந்தக் கிருமியோடு முன்பே போரிட்டிருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சில வாரம் கழித்து மறுபடி எடுத்த இரத்தத்தில் அந்த வலிமை நான்கு மடங்கு ஏறியிருந்தால் நோய் உறுதி. ஜிம்மிக்கு ஏறியிருந்தது.

ஆறு நாட்கள் தினமும் காலையில் குட்டியானையில் ஏற்றிச் சென்றோம். தேர்வு நேரம். எங்களில் ஒருத்தி உப்புநீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டே வரலாறு படித்தாள். அந்தத் தேர்வில் அவள் எழுதிய விடைகளைப் பற்றி இங்கு எழுத வேண்டியதில்லை. வீட்டில் ஜிம்மியின் படுக்கை சிமெண்டுத் தரைக்கு மாறிற்று. தோட்டத்து மண்ணில் விடக்கூடாது என்பது கட்டளை. துடைப்பதற்குக் கையுறை, துடைத்த இடத்துக்குப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல். நான்காம் நாள் மாலை ஜிம்மி இரண்டு கரண்டி இளநீர்க் கஞ்சி குடித்தது. வாலின் நுனி மட்டும் சற்று அசைந்தது. ஆச்சி எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள்.

தம்பியை அன்றைக்கே வேறொரு மருத்துவரிடம் அப்பா அழைத்துச் சென்றிருந்தார். காய்ச்சல் இல்லாததால் அவர் புண்ணுக்கு மட்டும் மருந்திட்டு, "ஒரு மாதம் கவனமாகப் பாருங்கள். காய்ச்சல், தலைவலி, கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி, இவற்றில் எது வந்தாலும் உடனே கூட்டி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டில் அப்பா, "பையனுக்கு ஏதாவது ஒன்று என்றால் நாய் இந்த வீட்டில் இருக்காது" என்றார். உரக்கச் சொல்லவில்லை. தம்பி அதைக் கேட்டுவிட்டான்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை. மாடியிலிருந்து தம்பி இறங்கி வந்துகொண்டிருந்தான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக, முதுகைச் சற்று வளைத்து இறங்கினான். எங்கள் இருவருக்கும் ஒரே நொடியில் ஒரே நினைவு வந்தது. படியேற மறுத்த ஜிம்மி அப்படித்தான் நின்றது. ஓடிப்போய் நெற்றியைத் தொட்டோம். சுட்டது.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க அக்கா. ஜிம்மியை அனுப்பிருவாங்க" என்றான். முந்திய நாளிலிருந்தே தலை வலிக்கிறதாம். கால் வலிக்கிறதாம். யாருக்கும் தெரியாமல் அம்மாவின் தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிறான்.

தோழியரே, உண்மையைச் சொன்னால், நாங்கள் உடனே ஓடிப்போய்ச் சொல்லவில்லை. படியில் மூவருமாக உட்கார்ந்திருந்தோம். கீழே ஜிம்மி எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. ஐந்து நிமிடம் இருக்கலாம், அதற்குமேலும் இருக்கலாம். பிறகு நடுவுள்ளவள்தான் எழுந்தாள். "ஜிம்மிக்குப் புதன்கிழமை சொல்லியிருந்தால்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. நேரே அப்பாவிடம் போய்விட்டாள்.

இரத்த ஆய்வில் தம்பிக்கும் அதே காய்ச்சல்தான் என்று தெரிந்தது. இரண்டாம் நாளே கொண்டு வந்ததால் ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன. ஏழு நாட்கள் டாக்சிசைக்ளின் மாத்திரை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிற்று. நான்காம் நாள் முறுக்குக் கேட்டான். அந்த முறுக்குச் சத்தம் எங்கள் வீட்டில் எவ்வளவு இனிமையாக ஒலித்தது என்று எழுத எங்களுக்குத் தமிழ் போதாது.

ஜிம்மியை அனுப்பும் பேச்சு அதோடு நிற்கவில்லை. அப்பா கோவில்பட்டி நண்பரிடம் தொலைபேசியில் பேசிவிட்டார். அவர் தோட்டத்தில் இடம் உண்டாம். நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. பேச எங்களுக்கு என்ன முகம் இருந்தது? தம்பியைப் பார்த்த மருத்துவரிடம், நாயிடமிருந்துதானே இவனுக்கு வந்தது என்று அப்பா கேட்டார். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் நின்றவன் அல்லவா? இருவரும் ஒரே தண்ணீரில்தான் நின்றிருக்கிறார்கள்" என்றார் அவர். கால்நடை மருத்துவரோ, மூல காரணம் எலி என்றும், நாயை அனுப்பினால் எலியும் கூடவே போய்விடுமா என்றும் கேட்டார். இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தால் ஜிம்மியின் சிறுநீரகத்தில் ஒளிந்திருக்கும் கிருமியும் ஒழிந்துவிடும் என்றார். அப்பா வழியெல்லாம் பேசாமல் வந்தார். வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியின் அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "முதலில் இந்தச் சாக்குகளை வெளியே எடுங்கள்" என்றார். கோவில்பட்டிப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சாக்குகளுக்குப் பின்னால் நாங்கள் கண்டதை எழுதினால் சாப்பிடும் முன் இதை வாசிப்பவர்கள் வருந்துவார்கள். இரண்டு நாள் வேலை. அரிசியும் நாய்த் தீனியும் மூடியுள்ள தகர டின்னுக்குப் போயின. சாக்கடைத் துளைக்குக் கம்பி வலை வந்தது. தேங்காய்ச் சிரட்டையில் நீர் தேங்காமல் கவிழ்த்தோம். எலி மருந்து வைக்கலாம் என்றார்கள் சிலர். மருந்து தின்ற எலியை நாய் தின்றால் நாயும் போய்விடும் என்பதால் பொறிதான் வைத்தோம். முதல் நாளே ஒரு பெருச்சாளி அகப்பட்டது. அதை வெளியே கொண்டுபோவது யார் என்று எங்களுக்குள் நடந்த விவாதம் பள்ளிப் பேச்சுப் போட்டியைவிடச் சூடாக இருந்தது. இறுதியில் கையுறை மாட்டிய அம்மாதான் கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சுத்தம் செய்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டு விருந்து முடிந்து திரும்பிவரும் என்பது தெரிந்ததால், தெருவில் வீடு வீடாகப் போய்க் குப்பையை இரவில் வெளியே வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் கேட்டார்கள். சிலர், "படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு வேலை இல்லையா?" என்றார்கள்.

பள்ளியில் அறிவியல் வகுப்பு எடுக்கும் சிஸ்டரிடம் இதை எல்லாம் சொன்னோம். அவர் கரும்பலகையில் ஒரு கேள்விக்குறி வரைந்து, "உங்கள் வீட்டுக்கு வந்தவர் இவர்தான்" என்றார். லெப்டோஸ்பைரா என்றால் கிரேக்கத்தில் மெல்லிய சுருள் என்று பொருளாம். கம்பிச் சுருள்போல் முறுக்கி, நுனியில் கொக்கிபோல் வளைந்திருக்கும். கேள்விக்குறியைப் போன்றிருப்பதால் ஒரு வகைக்கு 'இன்டரோகன்ஸ்', அதாவது கேள்வி கேட்பது, என்றே பெயர். அவ்வளவு மெல்லியதாதலால் சாதாரண நுண்ணோக்கியில் எளிதில் புலப்படாது. பின்புலத்தை இருட்டாக்கி ஒளியைப் பக்கவாட்டில் விட்டுத்தான் காண வேண்டும். 1886-இல் ஜெர்மனியில் அடோல்ஃப் வைல் என்ற மருத்துவர் மனிதரிடம் இந்நோயை விவரித்தார். கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியராகிய இனாடாவும் இடோவும். 1915-இல் கியூஷூ தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தபோது கண்டார்கள். நம் நாட்டில் அந்தமான் தீவுகளில் 1931-இலேயே இது பதிவாகியிருக்கிறது. அங்கே பின்னாளில் 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று வேறு பெயரில் திரிந்த நோயும் இதுவே என்று 1990-களில் கண்டறிந்தார்கள். வயலில் வெறுங்காலோடு நிற்கும் உழவர்க்கும் சாக்கடையில் இறங்கும் தொழிலாளர்க்கும் இது அதிகம் வருகிறது என்று சிஸ்டர் சொன்னபோது, எங்கள் வகுப்பில் இருவர் தலை நிமிர்ந்தார்கள். அவர்களுடைய தந்தையர் வயல் வேலை செய்பவர்கள். மழைக்காலத்தில் வருகிற காய்ச்சலைச் சும்மா விடக்கூடாது என்று அவர்கள் அன்று மாலையே வீட்டில் சொன்னார்களாம்.

ஜிம்மி இப்போது நன்றாக இருக்கிறது. உடம்பு தேறியதும் முதலிலிருந்து இரண்டு ஊசியும் முறையாகப் போட்டு, ஆண்டுதோறும் தொடர்கிறோம். அட்டை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. அடுத்த தேதியை மையால் எழுதும்படி நாங்களே மருத்துவரைக் கேட்டு வாங்கினோம். சாயங்கால உலாவில் குட்டையைக் கண்டால் சங்கிலியை இழுத்துப் பிடிப்பது தம்பி. அவன் இப்போது செருப்பில்லாமல் வாசல்படி தாண்டுவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் பிழை திருத்தித் தரும்படி நடுவுள்ளவளிடம் கொடுத்தோம். அவள் ஒற்றுப் பிழை இரண்டைத் திருத்திவிட்டு, கிறிஸ்துமஸ் வாரத்தில் தட்டுக் கழுவும் முறை யாருடையது என்பதில் வழக்கு இருக்கிறது என்ற வரியின் அடியில் கோடு போட்டாள். பிறகு உள்ளே போய், பழைய புத்தகக் கட்டிலிருந்து 2023 டிசம்பர் நாட்காட்டித் தாளை எடுத்து வந்தாள். வெள்ளத்தில் நனைந்து ஓரம் பழுத்திருந்தது. அந்த வாரத்தின் நேரே ஒரு பெயரின் முதலெழுத்து இருந்தது. எழுதியது பென்சிலால்தான், ஆனால் அழியவில்லை.

அது மூத்தவளுடையது.